தகரப் பெட்டி
(முதியோர் தின உரை)



தாயை ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள ஓர் இல்லத்தில் சேர்க்க, சிபாரிசுக் கடிதம் கேட்டு இராஜபாளையம் மில் தொழிலாளி ஒருவர் வந்தார். கணவன் மனைவி இருவருக்கும் ஷிப்டு வேலை. தாயோ இருமுறை விழுந்துவிட்டார். குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அம்மாவிடம் சொன்னீரா?" என்றேன்.

"இல்லை சாமி. கோவிலுக்கென்று அழைத்துப்போகலாமென்று..."

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனோம். தாயார் வெகுநேரம் வாய் திறக்கவில்லை. பிறகு, "என் தகரப் பெட்டியை அங்கே வைத்துக்கொள்ள விடுவார்களா?" என்றார்.

1839-இல் பிரான்சில் புனித ஜோன் ஜுகன் அம்மையார் பார்வையற்ற மூதாட்டிக்குத் தம் கட்டிலையே கொடுத்தார். இல்லங்கள் பல அப்படித்தான் பிறந்தன. 2007-ஆம் ஆண்டுச் சட்டம், பெற்றோரை அடியோடு கைவிடுவோர்க்கு 3 மாதம் வரை சிறை என்கிறது. இல்லத்தில் சேர்ப்பதை அது குற்றமென்று சொல்லவில்லை. சேர்த்தபின் எட்டிப்பாராதிருந்தால்?

இந்த மகன் ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறிவிடுகிறார். பெட்டி கட்டிலடியில் இருக்கிறது.