சூரிய ஒளியும் நமது தோலும்
(இளைஞர் மன்றத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



தைப்பொங்கலன்று ஞாயிற்றுக்கு நாம் நன்றி செலுத்துவது பயிர் விளைந்தமைக்காக. நம் உடலுக்குள்ளும் அஃது ஆற்றும் தொண்டு ஒன்று உண்டு. அதனைச் சுருக்கமாகக் கூற விரும்புகின்றேன்.

வெயிலில் கண்ணுக்குப் புலப்படாத ஊதாக்கடந்த கதிர்கள் உள்ளன. அவற்றுள் ஒரு பகுதி தோலின் கலங்களிற் படும்போது, அங்குள்ள கொழுப்பினப் பொருளொன்று விற்றமின் டீயாக மாறுகின்றது. அதனை ஈரல் ஒருமுறையும் சிறுநீரகம் மறுமுறையும் மாற்ற, முடிவிற் கிடைப்பது ஓர் ஓமோன். உணவிலுள்ள கல்சியத்தைக் குடல் நன்கு ஏற்கச் செய்வது இதுவே. இது குறைந்தால் குழந்தைகளின் கால் எலும்புகள் வளையும். முதியோரின் எலும்புகள் வலுவிழக்கும்.

யப்பானில் மிஷன் வைத்தியராகப் பணியாற்றிய தியோபால்ட் பாம், பிரித்தானிய நகரங்களில் மலிந்திருந்த இந்நோய் அங்கு அரிதாயிருக்கக் கண்டு, வெயிலின்மையே காரணமென 1890-இல் எழுதினார். 1919-இல் பேர்லினில் குல்ட்சின்ஸ்கி என்ற வைத்தியர், விளக்கொன்றின் ஊதாக்கடந்த கதிர்களைப் பாய்ச்சியே குழந்தைகளின் நோயைக் குணமாக்கினார்.

அதே கதிர்கள் தோற்கலங்களில் வேறோர் ஓமோனையும் சுரக்கச் செய்கின்றன. அதன் ஏவலால் அயலிலுள்ள நிறக்கலங்கள் மெலனின் என்ற கருநிறப் பொருளை ஆக்குகின்றன. அது கலங்களின் உட்கருவுக்குக் குடை பிடிக்கின்றது. ஆம், கருமை என்பது உடல் தனக்குத்தானே விரித்த குடை!

அவ்வாறிருக்க, பெண் பார்க்க வந்தவர் "பிள்ளை கறுப்பு" என்று முகஞ்சுளிப்பதும், அதற்கஞ்சி நம் சகோதரிகள் வெள்ளையாக்கும் பூச்சுக்களை நாடுவதும் முறையா? அவற்றுட் சிலவற்றிற் பாதரசம் கலக்கப்படுகின்றது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முன்னர் கூறிய ஓமோனை முடித்துத் தருவதும் அச்சிறுநீரகமே!

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. கருந்தோலுக்கு விற்றமின் டீயை ஆக்கச் சற்று அதிக நேரம் வெயில் வேண்டும். கொழுந்தெடுக்கும் தாய்மார் தலைத்துண்டும் படங்கும் அணிந்தாலும் முகமும் கைகளும் வெயில் காணும். லயத்துக் காம்பராவில் முடங்கிய பாட்டிக்கும், நாள் முழுதும் கூரையின்கீழ் வேலை செய்யும் இளைஞருக்கும் அதுவுமில்லை. கண்ணாடி யன்னலூடாக வரும் வெயிலும் இதற்கு உதவாது. நம் நிழல் நம் உயரத்திலுங் குறுகியிருக்கும் வேளையிற் சிறிது நேரம் வெளியில் நிற்றல் நன்று. தோல் எரியுமளவுக்கு நிற்பது தீது. அளவு மீறினாற் புற்றுநோய்க்கும் இடமுண்டு.

அன்பர்களே, முதியோரைக் கைபிடித்து முற்றத்துக்கு அழைத்து வருவோம். கறுப்பை இகழும் பேச்சை முதலில் நம் வீட்டிலேயே நிறுத்துவோம்.