சட்டை யாருடைய அளவுக்கு?

(தலைப்பு: விளையாட்டு வீரருக்குப் பெரிதும் துணை நிற்பது விளம்பரதாரரின் பெயரா? உடையின் தரமா? – ‘உடையின் தரமே’ என்ற அணியில் பேசியது.)



முக்கொம்புக் கரையில் மேடை போட்டுட்டாங்க. காற்று பிச்சுக்கிட்டு அடிக்குது. நான் எழுதிக்கொண்டு வந்த தாளில் இரண்டு கொள்ளிடத்தைப் பார்த்துப் பறந்து போச்சு. எதிரணிக்குப் பாதி வெற்றி இப்பவே கிடைச்சாச்சு. (சிரிப்பு)

எதிரணித் தம்பி என்ன கேட்டார்? “துணி என்னங்க பெரிய துணி? பெயர்தான் எல்லாம்” என்றார். தம்பி, நீ நின்று பேசுகிற இடத்தைக் கொஞ்சம் பாரு. இந்த மேலணையை 1836-இல் தொடங்கி 1838-இல் கட்டி முடித்த வெள்ளைக்காரர் பெயர் என்ன? ஆர்தர் காட்டன்! அந்த ஆளு பெயரே காட்டன்தான்யா, பாலியஸ்டர் இல்லை! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) அந்த ‘காட்டன்’ நூற்றெண்பது வருஷம் தண்ணியைத் தாங்குச்சு. 2018 ஆகஸ்ட் 22-ஆம் தேதி ராத்திரிதான் கொள்ளிடம் பக்கம் ஒன்பது மதகு போச்சு. எந்தத் துணி நூற்றெண்பது வருஷம் நையாம இருக்கும், சொல்லுங்க?

ஆனா ஒரு உண்மையை நானே ஒப்புக்கொள்கிறேன், இல்லாவிட்டால் அடுத்துப் பேச வருகிற அம்மா பிடித்துக்கொள்வார். விளையாட்டுக்குக் காட்டன் சரிப்படாது. பருத்தி இழை சும்மா காற்றிலிருந்தே தன் எடையில் ஏழெட்டு சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வியர்த்தால் கேட்கவே வேண்டாம், அரை மணி நேரத்தில் சட்டை ஒரு ஈரச் சாக்கு. பாலியஸ்டர் இழை அரை சதவீதம்கூட உறிஞ்சாது. அதைச் சரியாகப் பின்னினால் வியர்வை உடம்பை விட்டு வெளிப்பக்கம் பரவி, காற்றில் காய்ந்துவிடும். சரியாகப் பின்னினால்! திருப்பூர்க்காரரைக் கேளுங்க, ஒரு பனியன் துணியைக் கையில் எடுத்துக் கசக்கிப் பார்த்தே சொல்லிடுவார், இது விளையாடற துணியா, மேடையில மாட்டிவிட்டுப் போட்டோ பிடிக்கிற துணியான்னு.

அந்தத் துணி மேல பெயரை எப்படிப் போடறாங்க என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கு. நல்ல முறை, சப்ளிமேஷன் என்பது. சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கி இழைக்குள்ளேயே ஏற்றிவிடுவார்கள். தடவினால் கைக்குத் தட்டாது, உரியாது. இன்னொன்று, பிளாஸ்டிக் ஏட்டை வெட்டி இஸ்திரிப் பெட்டி மாதிரி ஒன்றால் அழுத்தி ஒட்டுவது. நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு சாண் அகலத்துக்கு அப்படி ஒட்டினால், அது சட்டையா? நெஞ்சில் கட்டின தார்ப்பாய்! எங்கே அதிகமாக வியர்க்குமோ அங்கேதான் விளம்பரதாரர் ஜன்னலைச் சாத்துகிறார். (கைதட்டல்)

நானும் கல்லூரியில் கபடி ஆடினவன். சிரிக்காதீங்க, இந்தத் தொப்பை பேராசிரியர் ஆனதுக்கு அப்புறம் வந்தது. (சிரிப்பு) 1989-இல் ஒரு கடைக்காரர் எங்கள் அணிக்கு இலவசமாக நீலப் பனியன் கொடுத்தார். முதல் ஆட்டத்தில் நல்ல மழை. என்னைப் பிடித்த எதிரணிக்காரன் கையெல்லாம் நீலம், என் முகமெல்லாம் நீலம். ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போனேன். எங்க அம்மா கதவைத் திறந்து பார்த்துட்டு, “எந்த நாடகத்துலடா கிருஷ்ணன் வேஷம்?” அப்படின்னாங்க. (பலத்த சிரிப்பு)

சரி. எதிரணியினர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம்ம கால்பந்து வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு பிரான்சை எதிர்த்து ஆடினாங்க, 2–1 என்று தோற்றாங்க. அந்தக் காலத்தை நினைத்து யாரும் பெருமைப்பட்டுக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ஹாக்கிக்குக் கைகொடுக்க ஆள் இல்லாதபோது 2018-இல் ஒடிசா அரசே விளம்பரதாரராக முன்வந்தது. டோக்கியோவிலும் பாரிஸிலும் வெண்கலம் வந்தது. ஒத்துக்கறேன். உதவி வேண்டாம் என்று சொல்ல நான் பைத்தியக்காரன் இல்லை.

ஆனா பெயர்தான் துணை என்கிறீர்களே, கிரிக்கெட்டையே எடுத்துக்குவோம். சஹாரா வந்தது, போச்சு. ஸ்டார் வந்தது, ஓப்போ வந்தது, பைஜூஸ் வந்தது, ட்ரீம் லெவன் வந்தது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் வந்ததும் அந்தப் பெயரும் போச்சு. அடுத்த மாதமே துபாயில் ஆசியக் கோப்பை. புதுப் பெயர் பிடிக்க நேரமில்லை. நெஞ்சில் ‘இந்தியா’ என்று மட்டும் போட்டுக்கொண்டு ஆடினார்கள். செப்டம்பர் 28-ஆம் தேதி இறுதிப் போட்டியில் பாகிஸ்தானை ஜெயிச்சாங்களா இல்லையா? (கைதட்டல்) கோப்பையைக் கையில வாங்காம வந்தது வேற கதை, அதை இன்னொரு பட்டிமன்றத்தில் வச்சுக்குவோம். 2021-இல் டோக்கியோ போனபோதும் சீன நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டு, பெயரே இல்லாத உடையில்தான் நம் ஒலிம்பிக் அணி போனது. நீரஜ் சோப்ராவின் ஈட்டி, “சட்டையில கம்பெனி பேர் இல்லையே”ன்னு பாதி வழியில நின்னுச்சா? (சிரிப்பு, கைதட்டல்)

பெரிய பெயர் இருந்தால் தரம் தானாக வந்துவிடும் என்றும் சொன்னார்கள். 2017-இல் உலகத்திலேயே பெரிய கம்பெனி தைத்த உடைதான் நம்ம கிரிக்கெட் அணிக்கு. தரம் சரியில்லை என்று வீரர்களே புகார் சொல்ல, வாரியம் அந்த நைக்கி கம்பெனியை அழைத்துப் பேச வேண்டியதாப் போச்சு. 2024-இல் அமெரிக்காவில் பேஸ்பால் வீரர்களுக்கு வந்த புது உடையில் வெள்ளைக் கால்சட்டை உள்ளே இருப்பதையெல்லாம் காட்டியது. கோடீஸ்வர ஆட்டக்காரர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பேட்டி கொடுத்தார்கள்! அங்கே கல்லூரி அணிக்குச் சட்டை கொடுக்கவே கம்பெனிகள் அடித்துக்கொள்ளும். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு 2016-இல் பதினைந்து வருஷத்துக்கு 28 கோடி டாலர் தருகிறேன் என்று ஒரு கம்பெனி கையெழுத்துப் போட்டது. நாலே வருஷம். 2020-இல் வேண்டாம் என்று விலகியது, விவகாரம் நீதிமன்றத்துக்குப் போச்சு. நம்ம ஊர்ல கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தவன்கூட இதைவிட நிலையா நிப்பான்.

ஸ்வப்னா பர்மன் என்ற பெண்ணைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஏழு போட்டிகள் சேர்ந்த ஹெப்டத்லானில் தங்கம் வாங்கினவர். ஒவ்வொரு காலிலும் ஆறு விரல். சாதாரண ஷூவுக்குள் அந்தப் பாதத்தைத் திணித்துக்கொண்டு, வலியோடுதான் ஓடினார், தாண்டினார். ஜெயித்த பிறகுதான், எனக்கேற்ற ஷூ யாராவது செய்து தர மாட்டீர்களா என்று அவர் கேட்டது ஊருக்குக் கேட்டது. பிறகு பெரிய கம்பெனி அளவெடுத்துச் செய்து கொடுத்தது. நல்ல காரியம், பாராட்டுகிறேன். ஆனா அளவு நாடாவை எப்போ எடுத்தாங்க? தங்கம் கழுத்தில் விழுந்ததுக்கு அப்புறம்! (பலத்த கைதட்டல்)

பெண்கள் கிரிக்கெட்டில் நடந்ததைச் சொல்லவா? உச்ச நீதிமன்றம் 2017-இல் அமைத்த நிர்வாகக் குழுவுக்குத் தலைவராக இருந்த வினோத் ராய் பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார்: ஆண்களுக்குத் தைத்த உடையை வெட்டி, திரும்பத் தைத்துப் பெண்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்களாம். அவர் கம்பெனியைக் கூப்பிட்டு, இது கூடாது என்று சொல்ல வேண்டியிருந்ததாம். அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மடிச்சுத் தைக்கிறது ஏழை வீட்டுல நடக்கும், நாமெல்லாம் போட்டவங்கதான். உலகத்தின் பணக்கார வாரியத்தில் நடக்கலாமா? அந்தப் பெண்கள்தான் 2025 நவம்பர் 2-ஆம் தேதி உலகக் கோப்பையைத் தூக்கினார்கள்.

நடுவர் மணியைத் தொடுகிறார். இன்னும் இரண்டு நிமிஷம் கொடுங்க ஐயா, இது ஊர்க் கதை, என் தப்பும் இதில் இருக்கு.

2013-இல் எங்கள் கல்லூரிப் பெண்கள் கபடி அணிக்கு உடை வாங்கும் குழுவில் நான் ஒருவன். ஜவுளிக்கடை அதிபர் ஒருவர் உடையை இலவசமாகத் தர முன்வந்தார். பெயர் வேண்டாம், நல்ல மனிதர். அவர் கேட்டது ஒன்றுதான்: “சட்டையும் கால்சட்டையும் வெள்ளையா இருக்கட்டும் சார், அப்பத்தான் கடை பேரு சிவப்புல எடுப்பாத் தெரியும்.” நானும் தலையாட்டினேன். இலவசம் பாருங்க!

கரூர்ப் பக்கம் ஒரு ஆட்டம். எங்கள் அணியில் பாடிப் போனால் இரண்டு பேரையாவது தொட்டுவிட்டு வருகிற பிள்ளை ஒன்று இருந்தது. அன்றைக்கு வயிற்று வலி என்று உட்கார்ந்துவிட்டது. கட்டாயப்படுத்தி இரண்டாம் பாதியில் இறக்கினோம். பாடிப் போகிறாள், கை எதிராளியைத் தொடப் போகவில்லை, திரும்பத் திரும்பத் தன் துணிக்கே போகிறது. பிடித்துவிட்டார்கள். தோற்றோம். எனக்குக் கோபம்.

திரும்பி வருகிற வழியில் இதே முக்கொம்பில் வேனை நிறுத்தினோம். பிள்ளைகள் மீன் வாங்கிச் சாப்பிடுதுங்க. அந்தப் பிள்ளை மட்டும் வேனை விட்டு இறங்கவில்லை. “அப்படி என்ன வயிற்று வலி?” என்று நான் சத்தம் போட்டேன். உடற்கல்வி இயக்குநர் அம்மா என்னைத் தனியாக அந்த மரத்தடிக்கு அழைத்துப் போனார். “சார், உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. வயிற்று வலி மட்டும் இல்ல. அந்த மூணு நாள் சார். நீங்க வாங்கிக் கொடுத்தது வெள்ளைத் துணி. அதுவும் நனைஞ்சா ஒட்டிக்கிற மெல்லிசுத் துணி. எப்படி சார் ஆடும்?”

(அரங்கில் அமைதி)

நழுவுகிற ஆடையைப் பிடிக்கக் கை தானாக ஓடுவதை வள்ளுவர் நட்புக்கு உவமை சொன்னார். இருபது வருஷம் அதை வகுப்பில் நடத்தினவன் நான். கண் எதிரே ஒரு பிள்ளை கை ஓடுவதைப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. இங்கிலாந்தின் பெண்கள் கால்பந்து அணி இதே காரணத்தால்தான் 2023-இல் வெள்ளைக் கால்சட்டையை நீலமாக மாற்றிக்கொண்டது. அதே வருஷம் விம்பிள்டனிலும் வெள்ளைக்குள்ளே அடர்நிற உள்ளாடை போட அனுமதித்தார்கள். அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே கரூர்ப் பக்கத்து மண்ணில் எங்க பிள்ளை சொல்லியிருக்கும், நாங்க யாரும் கேட்கல.

அடுத்த வருஷம் அந்த அதிபரிடமே போனேன். அடர்நீலம் வேண்டும், துணி கனமாக வேண்டும், பிள்ளைகளுக்கு அளவெடுக்கத் தையற்காரரை விடுதிக்கு அனுப்ப வேண்டும் என்றேன். அவர் யோசிச்சார். “நீலத்துல சிவப்பு தெரியாதே சார்?” கல்லாவில் உட்கார்ந்திருந்த அவர் மருமகள் நிமிர்ந்து பார்த்து, “மாமா, நம்ம பேரு முதுகுல சின்னதா இருந்தாப் போதும்” என்றது. அவர் மறுபேச்சுப் பேசவில்லை. (பலத்த கைதட்டல்)

தையற்காரர் வந்தார். பதினாலு பிள்ளைகளுக்கு அளவெடுத்தார். அந்தப் பிள்ளை மட்டும் அதில் இல்லை. மூன்றாம் ஆண்டு முடித்துவிட்டுப் போயிருந்தது.

மணி அடிச்சிட்டீங்க ஐயா.