நாள்பட்ட தொண்டை நோவும் மறைந்துள்ள காரணங்களும்
(விழாவில் நிகழ்த்தப்பெற்ற மருத்துவ உரை)



தொண்டை நோவு அறியாத இல்லம் இல்லை. பெரும்பாலும் அது வைரஸ் கிருமிகளால் வருவது. ஒரு வாரத்தில் தானே தணிவது. சுக்கு மிளகுக் கஷாயமும் வெதுவெதுப்பான உப்புநீரால் கொப்பளித்தலும் அதற்குப் போதும். மூன்று வாரம் கடந்தும் நீங்காத நோவோ வேறு வகையது. அதன் வேர் பலபோது தொண்டையில் இருப்பதில்லை.

முதலாவது இரைப்பை. இரவில் வயிறார உண்டு உடனே படுத்தால், அமிலம் மேலெழுந்து குரல்வளையைப் புண்ணாக்கும். நெஞ்செரிச்சல் இல்லாமலே காலையில் குரல் கம்மும். தொண்டையைச் செருமத் தோன்றும். கதிரவன் மறையுமுன் உண்ணும் நம் நோன்பு உயிர்க்கொலை தவிர்த்தற்கு எழுந்தது. இந்நோய்க்கும் அது நல்ல காப்பு. நகரங்களில் இரவு பத்து மணிக்கு உண்ணும் நம் இளைஞர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது இதயம். திருநறுங்கொண்டைப் படிகளிலோ கல்வராயன் மலைச் சரிவிலோ ஏறுகையில் தொண்டை இறுகி வலித்து, நின்றவுடன் தணியுமாயின், அஃது இதயக் குருதிக்குழாய் அடைப்பின் அறிகுறியாகலாம். மார்பு வலி இல்லையென்று வாளாவிருத்தல் கூடாது.

மூன்றாவது மருந்து. தைராய்டு மிகைக்குக் கார்பிமசோல் உட்கொள்வோருக்கு, அரிதாக இரத்த வெள்ளணுக்கள் குன்றிவிடும். அவர்களுக்குக் காய்ச்சலும் தொண்டை நோவும் கண்டால் மூன்று வாரம் காத்திருத்தல் ஆகாது; அம்மாத்திரையை நிறுத்தி, அன்றே இரத்தம் பரிசோதித்தல் வேண்டும்.

நான்காவது எலும்பு. காதின் கீழுள்ள ஊசி போன்ற எலும்பு சிலருக்கு நீண்டு வளர்ந்து, விழுங்கும்போதும் கழுத்தைத் திருப்பும்போதும் குத்தும். ஈகிள் என்னும் அமெரிக்க மருத்துவர் 1937-இல் இதனை விளக்கினார்.

ஐந்தாவது குரல்வளைக் காசநோய். குரல் கம்மலும் விழுங்குகையில் வலியும் இதன் குறிகள். சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளர் தம் இல்லத்தில் இருந்தபடியே மருந்துண்டு குணமடையலாம் என உலகிற்கு மெய்ப்பித்தது. அம்மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இறுதியாகப் புற்றுநோய். ஒருபக்க வலி, அப்பக்கத்துக் காதிலும் வலி, கழுத்தில் கட்டி, மாறிய குரல், உடல் மெலிவு ஆகியன எச்சரிக்கைகள். புகையிலை இதன் முதற்பகை. தொடக்கத்தில் கண்டறிந்தால் குணப்படுத்த இயலும்.

ஆகவே, மருந்துக்கடையில் தாமே ஆன்டிபயாடிக் வாங்கி நாள் கடத்தாதீர். மூன்று வாரமாயின் காது மூக்கு தொண்டை மருத்துவரை நாடுங்கள். மூச்சுத் திணறினாலோ, உமிழ்நீரையும் விழுங்க இயலாவிடினோ, வாய் திறக்க முடியாவிடினோ ஒருநாளும் தாமதிக்கலாகாது.

கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமாயிற்று. இன்று சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. எனினும் வெள்ளிமலைப் பகுதியிலிருந்து இறங்கி வரும் எளியோருக்கு ஒருநாள் கூலியை இழப்பதே பெருந்தடை. நால்வகைத் தானங்களுள் ஔஷத தானமும் ஒன்றன்றோ? மருந்து வாங்கிக் கொடுத்தல் மட்டுமே அத்தானமன்று. நம் நிலத்தில் உழைப்பவர் குரல் கம்மியிருக்கக் கண்டால், எத்தனை நாளாயிற்று எனக் கேட்டு, அன்றைய கூலியும் ஈந்து, மருத்துவரிடம் உடன் அழைத்துச் செல்லுதலும் அத்தானமே.