நெடுந்தூர ஓட்டமும் உணவும்



நான் தலைமை ஆசிரியனாக இருந்த காலத்தில், எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் பத்துக் கிலோமீட்டர் ஓட்டப் போட்டி நடைபெறும். "வெறும் வயிற்றோடு வாருங்கள், வழியில் ஒரு சொட்டுத் தண்ணீரும் குடிக்கக் கூடாது" என்பது என் கட்டளை. என் இளமையில் எனக்கு அப்படித்தான் சொல்லப்பட்டது. நானும் அதை ஆராயாமல் பிறருக்கு வழங்கி வந்தேன்.

ஓராண்டு, முதலாவதாக வந்துகொண்டிருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் பள்ளி வாயிலுக்கு அருகே தள்ளாடினான். பெயரைக் கேட்டால் வகுப்பைச் சொன்னான். பிறகு விழுந்துவிட்டான். மரநிழலில் கிடத்தினோம். நன்றாக நினைவு திரும்பியதும், சர்க்கரையும் உப்பும் இட்ட எலுமிச்சைச் சாற்றைச் சிறிது சிறிதாகக் கொடுத்தோம்; தெளிந்து எழுந்தான். முந்திய இரவும் அவன் உண்ணவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஓடுகிறவனுக்கு உடம்பு இலேசாக இருக்க வேண்டும் என்று நான் சொன்னதை அவன் அப்படியே நம்பியிருந்தான். குற்றம் அவனுடையதன்று. அன்றுதான் இப்பொருளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரில் 1897ஆம் ஆண்டிலேயே மராத்தான் ஓட்டம் தொடங்கிவிட்டது. 1924ஆம் ஆண்டு ஓட்டம் முடிந்ததும், மருத்துவர் சிலர் ஓடி வந்தவர்களின் இரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். மிகவும் சோர்ந்து, முகம் வெளுத்து, நினைவு தடுமாறி வந்தவர்களின் இரத்தத்தில் சர்க்கரை வெகுவாகக் குறைந்திருந்தது. நீரிழிவு நோயாளிக்கு இன்சுலின் அளவு மிஞ்சினால் உண்டாகும் நிலையும் இதுவே. இன்சுலின் மருத்துவத்துக்கு வந்து அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆகவே அந்த ஒற்றுமை அவர்கள் கண்ணில் உடனே பட்டது. மறு ஆண்டு, 1925இல், ஓட்டத்துக்கு முந்திய நாள் மாவுப்பொருள் மிகுந்த உணவை உண்ணச் செய்து, ஓடும்போதும் மிட்டாய் தின்னக் கொடுத்தார்கள். முந்திய ஆண்டின் மயக்கமும் தடுமாற்றமும் பெரிதும் தவிர்க்கப்பட்டன. கடைத்தெருவில் காசுக்குக் கிடைக்கும் பண்டம் அன்றோ அது!

இதன் காரணம் எளியது. நாம் உண்ணும் சோறு, இட்லி, கிழங்கு ஆகியவற்றின் மாவுப்பொருள் சர்க்கரையாக மாறி, கிளைக்கோஜன் என்னும் வடிவில் தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படுகிறது. வளர்ந்த ஒருவருக்கு அச்சேமிப்பு ஏறத்தாழ 500 கிராம். அது தரும் ஆற்றல் சுமார் 2,000 கலோரி. 60 கிலோ எடையுள்ளவர் மராத்தான் தூரமாகிய 42 கிலோமீட்டரை ஓடி முடிக்க 2,500 கலோரி வேண்டும். உடம்பில் கொழுப்பு நிறைய உண்டு என்றாலும், அதிலிருந்து ஆற்றல் மெதுவாகவே கிடைக்கும். கிளைக்கோஜன் தீர்ந்தவுடன் கால்கள் கனக்கின்றன.

1967இல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்தே காட்டினார்கள். ஒரே ஆட்களை வெவ்வேறு உணவுகளுக்குப் பின், நிலையாக நிறுத்திய சைக்கிளை ஒரே வேகத்தில் மிதிக்கச் செய்தார்கள். மாவுப்பொருள் மிகக் குறைந்த உணவுக்குப் பின் அவர்கள் தாக்குப்பிடித்தது சராசரியாக 57 நிமிடம்; வழக்கமான கலப்புணவுக்குப் பின் 114 நிமிடம்; மாவுப்பொருள் மிகுந்த உணவுக்குப் பின் 167 நிமிடம்! முட்டையும் இறைச்சியுமே ஓட்டக்காரனுக்கு உயிர் என்று எண்ணிச் சோற்றைத் தள்ளும் இளைஞர்கள் இந்த மூன்று எண்களையும் நெஞ்சில் இருத்திக்கொள்ளலாம். புரதம் வேண்டும்; தேய்ந்த தசையைப் பழுதுபார்ப்பது அதுதான். பருப்பு, பயறு, தயிர், மீன், முட்டை ஆகியவற்றில் அது கிடைக்கும். ஆனால் அது சோற்றின் இடத்தைப் பிடிக்காது.

எனவே, ஓடுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு இட்லியோ, சோறோ உண்ணுங்கள். எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். விடியலில் ஓடுவோருக்கு ஒரு வாழைப்பழமாவது போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால், மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுப்பொருளோ சர்க்கரையோ உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் உண்டு. மாணவியர் இரும்புச் சத்தையும் கவனிக்க வேண்டும். கீரை, பயறு முதலியவற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்து உண்டால் அச்சத்து நன்றாகச் சேரும். உணவோடு தேநீர் அருந்தினால் குறையும்.

தண்ணீரைப் பற்றி நான் செய்த பிழைக்கு நேர்மாறான பிழையும் உண்டு. 2002ஆம் ஆண்டு அதே பாஸ்டன் ஓட்டத்தில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு உப்பின் கூறாகிய சோடியம் அளவுக்குக் கீழே இருந்தது. அளவின்றிக் குடித்து, ஓடும்போதே எடை கூடியவர்களிடம் இது மிகுதியாகக் காணப்பட்டது. அவ்வாண்டு ஓர் இளம்பெண் இதனால் உயிரிழந்தார். தாகம் எடுக்கும்போது குடியுங்கள். ஓடுமுன்னும் ஓடியபின்னும் எடை பாருங்கள். சிறிது குறையலாம், கூடக் கூடாது.

மறு ஆண்டுப் போட்டியில் பாதி வழியில் இரண்டு பானைத் தண்ணீரும் ஒரு தார் வாழைப்பழமும் வைக்கச் செய்தேன். அந்த மாணவனும் காலை உணவு உண்டு வந்து ஓடினான், மூன்றாவதாக வந்தான். தோலைச் சாலையில் எறிந்ததற்காக அவனைக் கடிந்துகொள்ளவும் நேர்ந்தது.