யாருடைய பாட்டனார்?

(தஞ்சை ஜில்லா வாலிபர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நம்மைப் பேசச் சொன்ன விஷயம் பழைய காலத்தவர் பணக்கஷ்டமும் இக்கால வாலிபர் பணக்கஷ்டமும் என்பதாகும். இதைப்பற்றி எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் ஒரே பல்லவிதான் கேட்கிறது. "நாங்கள் கூழைக் குடித்தோம், கடன் வாங்கவில்லை, நாலு காசு சேர்த்தோம்; இந்தக் காலத்துப் பையன்களோ சம்பளத்தைப் போனுக்கும் பிரியாணிக்கும் கொட்டிவிட்டு மாதக் கடைசியில் கையை நீட்டுகிறார்கள்" என்கிறார்கள் பெரியவர்கள். "அந்தக் காலத்தில் நிலம் இருந்தது, உத்தியோகம் இருந்தது, எல்லாம் மலிவு" என்கிறார்கள் வாலிபர்கள். இரு கட்சியாரும் ஒரு கேள்வியை மாத்திரம் கேட்பதில்லை. எந்தப் பாட்டனார்? யாருடைய பாட்டனார்?

இந்தக் காவேரிப் பாசனத்தில் இரண்டு வகைப் பாட்டனார்கள் இருந்தார்கள். ஒருவர் வரப்பின் மேல் குடை பிடித்து நின்றவர். மற்றவர் சேற்றில் நின்றவர். சேற்றில் நின்ற பாட்டனார் கடன் வாங்கவில்லை என்று யாராவது சொன்னால் அது முழுப் பொய்யாகும். அவர் கலியாணத்திற்கு மிராசுதாரரிடம் நெல்லோ ரூபாயோ வாங்கினார். அந்தக் கடனுக்காகப் பண்ணையாளானார். அவர் தீர்க்க முடியாததை மகன் தலையில் வைத்துவிட்டுச் செத்தார். கேள்வி கேட்டவனுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் கிடைத்தன. அவர் சிக்கனமாயிருந்தார் என்று புகழ்வது, சிறையிலிருப்பவன் ஊர் சுற்றிச் செலவழிக்கவில்லை என்று புகழ்வது போன்றதாகும்.

குடை பிடித்த பாட்டனாராவது கடனின்றி இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. 1930-க்குப் பின் உலகமெங்கும் வந்த வியாபார மந்தத்தில் நெல் விலை விழுந்தபோது, இந்த ஜில்லாவின் பெரிய வீடுகளெல்லாம் வட்டிக்கடையில் நின்றன. ஆனால் அவருக்காகச் சட்டம் வந்தது. 1938-ல் சென்னை மாகாணத்தில் செய்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டப்படி, முதலைப்போல் இரு மடங்கு ஏற்கனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. பழைய கடனில் நின்றுபோன வட்டியும் தள்ளுபடியாயிற்று. நல்ல சட்டந்தான். ஆயினும் அதில் "விவசாயி" என்பதற்கு நிலத்தில் பாத்தியதை உள்ளவன் என்று பொருள் வைத்தார்கள். நாற்று நட்டவளும் அறுத்தவனும் அந்தப் பொருளுக்குள் வரவில்லை.

சேற்றில் நின்றவருக்குச் சட்டம் வர 1952 ஆயிற்று. தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அவ்வருஷம் வந்தது. அதுவும் ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலத்துக்கு மேல், உடையவர்களுக்கே பொருந்தும் என்றிருந்தது. அதற்குப் பிறகும், கூலி உயர்வு கேட்ட தகராறில் 1968 டிசம்பர் 25-ந் தேதி கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையில் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். "அந்தக் காலம் பொற்காலம்" என்பவர்கள் இந்தத் தேதியைச் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நடுவில் ஒரு தலைமுறை மாத்திரம் கொஞ்சம் மூச்சுவிட்டது உண்மை. கும்பகோணத்திலோ, 1955-ல் ஏற்பட்ட தஞ்சை சரபோஜி கல்லூரியிலோ சொற்பச் சம்பளத்தில் படித்து, குமாஸ்தாவாகவோ வாத்தியாராகவோ போனவர்கள் ஓய்வூதியத்தோடு வீடு திரும்பினார்கள். இன்று புத்தி சொல்லுகிறவர்களில் அனேகர் இவர்களே. அந்தப் பழைய ஓய்வூதிய ஏற்பாட்டை, 2003 ஏப்ரல் 1 முதல் வேலையில் சேர்ந்தவர்களுக்குச் சர்க்கார் நிறுத்திவிட்டது. தாம் ஏறிவந்த ஏணி இப்போது அங்கே இல்லையென்பது மேலே நிற்பவருக்குத் தெரிவதில்லை.

இக்கால வாலிபர் சங்கதிக்கு வருவோம். பண்ணையாளின் பேரன் என்ஜினீயரிங் படிக்கிறான். சந்தோஷம்! ஆனால் கல்விக் கடன் வாங்கிப் படிக்கிறான். படிக்கும்போதே வட்டி ஏறுகிறது. படிப்பு முடிந்து ஒரு வருஷமானால் தவணை வந்து நிற்கிறது. வேலை வந்ததா என்று தவணை கேட்பதில்லை. தாயார் வாரக் குழுவில் பணம் வாங்கியிருக்கிறார். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற அம்மாமார் அவள் வாசலில் போய் நிற்க வேண்டும். முன்பு மிராசுதாரரின் ஆள் செய்த வேலையை இப்போது அண்டை வீட்டாரைக் கொண்டே நடத்துகிறார்கள்! தமக்கையின் நகை அடகிலிருக்கிறது. பையன் சிங்கப்பூர் போக ஏஜெண்டுக்குக் கட்டியதும் கடன்தான். பாட்டனார் நாகப்பட்டணத்தில் கப்பலேறி மலாயா ரப்பர்த் தோட்டத்துக்குப் போனார். பேரன் திருச்சியில் ஆகாய விமானம் ஏறுகிறான்.

நெல்லையே அளவுகோலாக வைத்துக் கணக்குப் பார்ப்போம். 2000-ல் சர்க்கார் நெல்லுக்கு வைத்த விலை குவிண்டாலுக்கு 510 ரூபாய். ஒரு பவுன் தங்கம் சுமார் 3,500 ரூபாய். ஏழு குவிண்டால் விற்றால் ஒரு பவுன். 2025-ல் மத்திய சர்க்கார் வைத்த விலை 2,369 ரூபாய். அவ்வருஷம் பவுனோ 70,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. முப்பது குவிண்டால், அதாவது ஒரு ஏக்கரில் மிக நன்றாய் விளைந்தால் கிடைக்கும் மகசூல், ஒரு பவுனுக்குப் போதுமா போதாதா என்றிருந்தது. இந்த லட்சணத்தில், பெண்ணுக்கு இத்தனை பவுன் போட வேண்டுமென்ற எண்ணிக்கையை எந்தச் சம்பந்தியாராவது குறைத்தாரா? "நாங்கள் சேர்த்தோம்" என்கிற அதே பெரியவர்தானே பந்தலில் உட்கார்ந்து எண்ணிக் கேட்கிறார்! வாலிபன் குடிக்கும் டீயைக் கணக்குப் பார்க்கிறவர், அவன் தங்கை கழுத்தில் ஏறும் ஐந்து ஏக்கர் மகசூலைக் கணக்குப் பார்ப்பதில்லை. இதில் வாலிபர்களும் யோக்கியர்களல்லர். மோட்டார் சைக்கிள் வேண்டுமென்று பின்னாலிருந்து தூண்டுகிறவர்கள் அவர்களே.

2021-ல் சர்க்கார் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் 1938-ல் போலவே அதுவும் சாகுபடிக் கணக்கில் பெயருள்ளவனுக்கே போயிற்று. படித்தவன் கடன் படித்தவன் தலையிலேயே இருந்தது. கடன் கொடுத்த கம்பெனிகள் பலாத்காரமாய் வசூலிக்கக் கூடாதென்று 2025-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் செய்தார்கள். அப்படியொரு சட்டம் இருப்பது இந்த ஊரில் வாரந்தோறும் தவணை கட்டும் தாய்மார்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்கச் சொன்னால் தெரியும்.

ஆகவே தோழர்களே, கூட்டம் முடிந்தவுடன் கலைந்துவிடாதீர்கள். கடன் சீட்டும் தவணைப் புத்தகமும் கொண்டு வந்திருப்பவர்கள் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். வாங்கினது எவ்வளவு, கட்டினது எவ்வளவு, இன்னும் கேட்பது எவ்வளவு என்று ஒவ்வொன்றாய் உரக்கப் படித்துச் சொல்லுகிறோம். பெரியவர்களும் கூடவே உட்கார்ந்து கேட்கட்டும்.