பயிற்சி ஊழியரும் தொழிலாளரே

(பெங்களூருவில் தமிழ்க் கிளைத் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தகவல் தொழில்நுட்ப ஆலோசனை நிறுவனங்கள், கல்லூரியிலிருந்து வெளிவரும் பட்டதாரிகளுக்கு நடத்தும் பயிற்சித் திட்டங்களைப் பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டிருக்கிறேன். இது நமக்குத் தொடர்பில்லாத பொருள் என்று கட்டுமானத் தொழிலிலும் ஆலைகளிலும் வேலை செய்யும் தோழர்கள் எண்ணக்கூடும். ஆனால் இந்த நகரத்தின் தமிழ்த் தொழிலாளர் குடியிருப்புகளில் கல்விக் கடன் வாங்கி மகனையோ மகளையோ பொறியியல் படிக்க வைத்த குடும்பங்களை நீங்களே அறிவீர்கள். அந்தப் பிள்ளைகள் மூலதனத்தை முதன்முதலாக நேருக்கு நேர் சந்திக்கும் இடம் இந்தப் பயிற்சிக்கூடம்தான். அங்கே அவர்கள் தொழிலாளராக நுழைகிறார்களா, மாணவராக நுழைகிறார்களா என்பதுதான் இன்று நாம் பரிசீலிக்க வேண்டிய கேள்வி.

அண்மையில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். 2025 பிப்ரவரி 7 அன்று இன்போசிஸ் நிறுவனத்தின் மைசூரு வளாகத்தில் பயிற்சியில் இருந்த இளைஞர்கள் குழுக்குழுவாக அழைக்கப்பட்டனர். உள் மதிப்பீட்டுத் தேர்வில் மூன்று முறையும் தேறவில்லை என்று கூறி வெளியேற்றப்பட்டனர். நிறுவனம் ஒப்புக்கொண்ட எண்ணிக்கை 300க்குச் சற்று மேல். புனேயைச் சேர்ந்த நைட்ஸ் என்னும் ஊழியர் அமைப்பு, ஏறத்தாழ 700 என்று கூறி ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகத்திடம் முறையிட்டது. அவர்களில் பலர் 2022இலேயே பணிநியமனக் கடிதம் பெற்றவர்கள். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்து, 2024 அக்டோபரில்தான் உள்ளே அழைக்கப்பட்டவர்கள். காத்திருந்த காலத்துக்கு ஊதியம் கிடையாது. உள்ளே போன நான்கு மாதங்களில் வெளியே. ஏப்ரலில் மேலும் 240 பேர் இதே முறையில் அனுப்பப்பட்டனர்.

நிறுவனத்தின் விளக்கம் சுருக்கமானது: மூன்று வாய்ப்புகள் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, இருபது ஆண்டுகளுக்கு மேலாக உள்ள நடைமுறை இது. ஒன்றிய அமைச்சகம் விசாரிக்குமாறு மாநிலத் தொழிலாளர் துறைக்குத் தெரிவித்தது. துறை அதிகாரிகள் மைசூருவுக்குச் சென்று பார்த்தார்கள். பின்னர் அவர்கள் தெரிவித்ததாகப் பத்திரிகைகளில் வந்த கருத்தை நீங்கள் கவனிக்க வேண்டும்: இவர்கள் பயிற்சியில் இருந்தவர்கள் மட்டுமே, முறையான ஊழியர்கள் அல்லர், ஆகவே இதை ஆட்குறைப்பு என்று கூற முடியாது. ‘பயிற்சி’ என்ற ஒரே சொல்லைக் கொண்டு நூற்றுக்கணக்கானோரைச் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்திவிட முடிந்தது.

பயிற்சியே வெறும் ஏமாற்று என்று நான் கூறவில்லை. அப்படிக் கூறினால் அந்த இளைஞர்களே நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். மைசூரு வளாகம் ஒரே நேரத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சி அளிக்கக்கூடியது. நான்காண்டுப் பொறியியல் படிப்பில் நிரல் எழுதக் கற்றுக்கொடுக்காத கல்லூரிகள் நாட்டில் ஏராளம். ஜாவாவும் தரவுத்தளமும் மென்பொருள் சோதனையும் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பேசும் முறையும் உண்மையிலேயே அங்கே கற்றுத்தரப்படுகின்றன. சுரண்டல் இருப்பது பாடத்தில் அல்ல. பாடத்தின் செலவை யார் ஏற்பது, இடரை யார் சுமப்பது, பலனை யார் எடுத்துக்கொள்வது என்பதில்.

உழைப்புச் சக்தியின் மதிப்பைப் பற்றிப் பேசும்போது, அதை உருவாக்கத் தேவைப்படும் கல்வியின் செலவும் அந்த மதிப்பில் அடங்கும் என்பதை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியிலேயே விளக்கியிருக்கிறார். அதாவது உழைப்புச் சக்தியை வாங்குகிறவன் ஊதியத்தின் வழியாக அந்தச் செலவையும் திருப்பித் தர வேண்டும். நம் நாட்டில் நடப்பதைப் பாருங்கள். முதல் நான்கு ஆண்டுகளின் செலவைக் குடும்பம் ஏற்கிறது, பெரும்பாலும் கடனாக. அடுத்த சில மாதங்களின் செலவை நிறுவனம் ஏற்பதாகச் சொல்கிறது; ஆனால் அதையும் இளைஞரின் பெயரில் கடனாகவே எழுதி வைக்கிறது. ‘பாண்டு’ என்று பிள்ளைகள் சொல்வது அதைத்தான். ஓராண்டோ இரண்டாண்டோ முடியும் முன் விலகினால் ஐம்பதாயிரம், எழுபத்தைந்தாயிரம், சில இடங்களில் லட்சத்துக்கும் மேல் கட்ட வேண்டும். சிறு நிறுவனங்கள் சில அசல் சான்றிதழ்களையே வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்கின்றன. பண்ணையார் வாங்கி வைத்த கைநாட்டுப் பத்திரம் சில தோழர்களுக்கு நினைவுக்கு வரலாம்.

2023 ஜனவரியில் விப்ரோ, பயிற்சி மதிப்பீட்டில் தேறவில்லை என்று 452 புதியவர்களை நீக்கியது. அவர்களுக்குத் தரப்பட்ட கடிதத்தில், பயிற்சிச் செலவாக 75,000 ரூபாய் அவர்கள் செலுத்த வேண்டியிருக்கிறது, அது தள்ளுபடி செய்யப்படுகிறது என்று குறிப்பிடப்பட்டிருந்ததாகச் செய்திகள் வந்தன. வேலையைப் பறித்த கையோடு, கடனைத் தள்ளுபடி செய்த பெருந்தன்மையும்! அடுத்த மாதமே, ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று வாக்களிக்கப்பட்டிருந்த பட்டதாரிகளிடம் 3.5 லட்சத்துக்குச் சம்மதமா என்று அதே நிறுவனம் கேட்டது. இளைஞர் விலகினால் பாண்டு பேசும். நிறுவனம் வாக்குத் தவறினால் எந்தப் பத்திரம் பேசும்? மைசூருவில் வெளியேற்றப்பட்டவர்களுக்குக் கருணைத் தொகையாகக் கிடைத்தது ஒரு மாத ஊதியம்.

இத்தனை பேரை ஏன் எடுக்கிறார்கள், பிறகு ஏன் கழிக்கிறார்கள் என்று கேட்கலாம். ஆலோசனை நிறுவனம் விற்பது மனித நேரத்தை. ஒரு பொறியாளரின் ஒரு மணி நேரம் அமெரிக்க, ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு டாலரில் விலை போடப்படுகிறது. விலை போடப்படாமல் காத்திருப்பவர் ‘பெஞ்ச்’சில் இருப்பவர், முதலாளியின் கணக்கில் அவர் வெறும் செலவு. இன்போசிஸ் காலாண்டு அறிக்கைகளில் ஊழியர் பயன்பாட்டு விகிதத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டுவது வழக்கம்: பயிற்சியில் இருப்பவர்களைச் சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று. முதலீட்டாளரிடம் கணக்குக் காட்டும்போது பயிற்சியில் இருப்பவரும் ஊழியர் எண்ணிக்கையில் ஒருவர். தொழிலாளர் துறையிடம் பேசும்போது மட்டும் அவர் ஊழியர் இல்லை.

பெருந்தொற்றுக் காலத்தில் மேலை நாடுகளில் மென்பொருள் தேவை பெருகியது. 2021-22ஆம் நிதியாண்டில் டிசிஎஸ் ஒரு லட்சம் புதிய பட்டதாரிகளையும், இன்போசிஸ் 85,000 பேரையும் எடுத்தன. பின் அமெரிக்காவில் வட்டி உயர்ந்தது, வாடிக்கையாளர்கள் செலவைச் சுருக்கினர். 2023-24இல் இன்போசிஸின் மொத்த ஊழியர் எண்ணிக்கை ஏறத்தாழ 26,000 குறைந்தது. தேவை பெருகும்போது கல்லூரி வாசலில் கூட்டமாக அள்ளுவதும், தேவை சுருங்கும்போது நியமனத் தேதியைத் தள்ளிப்போடுவதும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். மதிப்பீட்டுத் தேர்வின் கடுமையும் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்பதல்ல என்பது என் கருத்து. பாடத்திட்டமும் தேர்ச்சி அளவுகோலும் தங்களுக்கு மட்டும் கடுமையாக்கப்பட்டன என்று மைசூருவில் வெளியேற்றப்பட்டவர்கள் குற்றம்சாட்டினர். நிறுவனம் அதை ஏற்கவில்லை. உண்மை எதுவென்று கண்டறிய, வினாத்தாளையும் மதிப்பெண்ணையும் பார்க்கும் உரிமை வெளியார் எவருக்கும் இல்லை.

“தேறாதவரை எப்படி வைத்துக்கொள்வது?” என்று நம் தோழர்களே கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். தேர்வு கூடாது என்பதல்ல நம் வாதம். தேர்வை நடத்துவதும், திருத்துவதும், தண்டனையை நிறைவேற்றுவதும் ஒருவரே, மேல்முறையீடும் இல்லை. இதைத்தான் எதிர்க்கிறோம். ஆலையில் ஒருவரை நீக்க வேண்டுமானால் குற்றப்பத்திரிகையும் விசாரணையும் வேண்டும் என்ற உரிமையை நம் முன்னோடிகள் போராடித்தான் பெற்றார்கள்.

ஊதியத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. 2012 வாக்கில் பெரிய நிறுவனங்களில் தொடக்க ஊதியம் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 லட்சத்து 25 ஆயிரம். 2025இல் பெரும்பாலோருக்கு அது மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. 2012ஐ 100ஆகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீடு இதற்குள் 190ஐத் தாண்டிவிட்டது. அன்றைய விலையில் பார்த்தால் இன்றைய பட்டதாரி வாங்குவது இரண்டு லட்சத்துக்கும் கீழே. பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கு ஆண்டுக்கு 2.52 லட்சம் என்று 2024இல் காக்னிசண்ட் அறிவித்தபோது சமூக ஊடகங்களில் கேலி பறந்தது. கேலி செய்தவர்களில் எத்தனை பேர் சங்கத்தில் சேர்ந்தார்கள் என்பது வேறு விஷயம்.

இனி சட்டம். இங்கேதான் தோழர்கள் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டும். 1947ஆம் ஆண்டு தொழிற்தகராறு சட்டம், தொழிலாளர் யார் என்று வரையறுக்கும்போது தொழிற்பழகுநரையும் உள்ளிட்டே வரையறுத்தது. தொழில்நுட்ப வேலை செய்பவரும் அந்த வரையறைக்குள் வந்தார். ஆனால் 1961ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டம், அச்சட்டத்தின்கீழ் ஒப்பந்தம் செய்துகொண்டவர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளர் அல்லர் என்றது. இரண்டுக்கும் இடையில் வாதாட ஒரு வெளி இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று மோடி அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அந்த வெளியைக் குறுக்கியிருக்கிறது. பழைய சட்டம் பழகுநரை உள்ளிட்ட இடத்தில், புதிய தொகுப்பு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் பழகுநர் நீங்கலாக என்கிறது. நான்கு தொகுப்புகளை எதிர்த்து நாம் நடத்திய கூட்டங்களில் இந்த மாற்றத்தைப் பற்றி அதிகம் பேசியதில்லை. இனிப் பேச வேண்டும்.

ஆனாலும் ஒரு வழி திறந்தே இருக்கிறது. விலக்கு, 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரியபடி ஒப்பந்தம் செய்து பதிவு செய்யப்பட்ட பழகுநருக்கு மட்டும்தான். நிறுவனம் தன் கடிதத்தில் ‘டிரெய்னி’ என்று அச்சிட்டுவிட்டால் ஒருவர் பழகுநர் ஆகிவிட மாட்டார். ஆகவே வெளியேற்றப்பட்ட எவர் வந்தாலும் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, பழகுநர் ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்பதே. பதிவு இல்லையென்றால் அவர் செய்த வேலையின் தன்மையைக் கொண்டே அவர் தொழிலாளர் என்று வாதிட முடியும்.

பாண்டைப் பொறுத்தவரை, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டு பணியாற்றாமல் விலகிய அதிகாரியிடம் இரண்டு லட்சம் ரூபாய் பெறும் நிபந்தனை செல்லும் என்றது. இதைக் காட்டித் தனியார் நிறுவனங்கள் இளைஞர்களை மிரட்டும். அது பொதுத்துறை வங்கியின் நியமனச் செலவைக் கருத்தில் கொண்ட தீர்ப்பு. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு நியாயமான இழப்பீட்டையே அனுமதிக்கிறது. பத்திரத்தில் எழுதிய தொகை அதன் உச்ச வரம்பு மட்டுமே. இதை அறியாமல் நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் பெற்றோர் இருக்கிறார்கள்.

கர்நாடகத்தில் ஆளும் காங்கிரஸ் அரசும் இதில் பின்தங்கவில்லை. நிலையாணைகள் சட்டத்திலிருந்து ஐடி நிறுவனங்களுக்குத் தரப்பட்டிருந்த விலக்கை 2024இல் மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டித்தது. குறைதீர்க்கும் குழு அமைக்க வேண்டும், பணிநீக்கங்களைத் தொழிலாளர் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் அதில் உண்டு. அவை எங்கெல்லாம் நிறைவேறின என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கும் வேலையை நாமே செய்யலாம்.

சங்கம் அமைக்க முடியாது என்ற எண்ணம் இத்துறையில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஐடி ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று 2016இல் தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு, டிசிஎஸ் நீக்கிய ஒரு பெண் ஊழியருக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்கியிருந்தது. இங்கே 2017 முதல் கர்நாடக மாநில ஐடி ஊழியர் சங்கம் செயல்பட்டு வருகிறது. வேலைநாளைப் பதினான்கு மணி நேரம் வரை நீட்டிக்கும் முன்மொழிவு 2024இல் வந்தபோது அதை எதிர்த்துத் தெருவில் நின்றவர்கள் அவர்கள். ஆனால் பயிற்சிக் காலத்தில் இருப்பவர் பெரும்பாலும் சங்கத்தை நாடுவதில்லை. நீக்கப்பட்ட பிறகே வருகிறார். அப்போது அவர் கையில் கடிதத்தின் நகல்கூட இருப்பதில்லை.

ஆகவே கிளைகளுக்கு என் கோரிக்கை எளியது. உங்கள் பகுதியில் இந்த ஆண்டு வளாக நேர்காணலில் தேர்வான பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். கையெழுத்திடும் முன் பணிநியமனக் கடிதம், பயிற்சி ஒப்பந்தம், பாண்டு ஆகியவற்றின் நகல்களை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்; அசல் சான்றிதழை எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம் என்று பெற்றோரிடமும் சொல்லுங்கள். உள்ளே சென்ற முதல் வாரத்திலேயே சங்கத் தோழர் ஒருவரின் தொலைபேசி எண் அவர்களிடம் இருக்க வேண்டும். அடுத்த மாதக் கிளைக் கூட்டத்துக்கு வரும்போது அந்தப் பட்டியலைக் கொண்டுவாருங்கள்.