முதலில் எர்த்தைப் பாருங்கள்

ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு, கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் காலையிலேயே ஜீப்புகள் மலையேறுகின்றன. பல வண்டிகள் வயதானவை. சாரல் பிடித்தால் ஹெட்லைட் திடீரென மங்கும், செல்ஃப் எடுக்காது. ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும்!

உடனே புது பேட்டரி வாங்குவது பெரும்பாலும் வீண் செலவு. முதலில் எர்த்தைப் பாருங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து சேசிஸுக்கும் இன்ஜினுக்கும் போகும் ஒயர் அது. போல்ட்டுக்கு அடியில் துரு ஏறியிருந்தால், வண்டி குலுங்கும்போது தொடர்பு விட்டுவிட்டு அறுபடும்.

வண்டியை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக் போடுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை நெகட்டிவ் டெர்மினலிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் தொடுங்கள். இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். அந்த நேரத்தில் மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த்தில்தான். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஒயர் உட்காரும் இடத்தை உலோகம் பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். அதிகம் போனால் அரைமணி நேர வேலை.

போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டையூசி வளைவுகள். வண்டி நிறைய ஆள் இருக்கும்போது அங்கே விளக்கு அணையக் கூடாது. ஜூன் மழைக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.